நிற்கும் வண்டியின் நடுக்கம்

ஓர் எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய அதைக் கொல்லிமலைக்கு ஏற்றிப் பார்க்க வேண்டியதில்லை. கியர் போடாமல், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், சும்மா ஓடவிட்டு, அதாவது ஐட்லிங்கில், அரை நிமிடம் கவனித்தால் போதும். நெடுஞ்சாலையில் வழுக்கிக்கொண்டு போகிற கார், சுங்கச்சாவடி வரிசையில் நின்றதும் ஸ்டியரிங் வழியாகக் கையை உதறும். உள்கண்ணாடியில் பின்வண்டியின் நம்பர் பலகை கலங்கித் தெரியும். ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தினால் எல்லாம் அடங்கிவிடும். 'ஓடும்போது நல்லாத்தானே இருக்கு' என்று சொந்தக்காரர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது இதனால்தான். ஓடும்போது மறைந்துகொள்ளும் குறை ஐட்லிங்கில் மறைய முடியாமல் போவதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது.

1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐட்லிங்கில் அதன் கிராங்க் தண்டு நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும். நான்கும் சேர்ந்து நிமிடத்துக்கு 1,600 எரிப்பு, மணிக்கு 96,000. மணிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக பெட்ரோல் செலவாகிறது என்று வைத்தால், ஓர் எரிப்புக்குக் கிடைப்பது 5 மில்லிகிராம் சொச்சம், அதாவது ஒரு சொட்டில் ஏழில் ஒரு பங்கு. அதைத் தெளிக்க இன்ஜெக்டர் திறந்திருப்பது 2 அல்லது 3 மில்லிவினாடி. அதன் ஊசி கால் மில்லிவினாடி தாமதமாக எழுந்தாலே பத்தில் ஒரு பங்கு பெட்ரோல் போயிற்று. மேட்டில் ஏறும்போது அதே இன்ஜெக்டர் 10 மில்லிவினாடி திறந்திருக்கும். அங்கே அந்தத் தாமதத்தை எஞ்சின் பொருட்படுத்தாது.

காற்றின் நிலையும் இதுதான். காற்றை உள்ளே விடும் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடியே இருப்பதால், அதற்கும் சிலிண்டர்களுக்கும் இடையே உள்ள குழாயான மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்தாற்போல் திறந்திருக்கும் குறுகிய நேரத்தில், முந்தைய எரிப்பின் புகையை இந்தக் குறையழுத்தம் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. தீப்பொறி வந்து விழுவது புகை கலந்து நீர்த்துப்போன கலவையில். அது மெதுவாகத்தான் எரியும். ஒருமுறை எரிந்ததுபோல் மறுமுறை எரியாது. புத்தம்புது எஞ்சினிலும் இதே கதைதான்.

இதோடு ஃபிளைவீலின் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுழலும் சக்கரத்தில் தங்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 3,000 சுற்றில் இருப்பது 800 சுற்றில் இருப்பதைப்போல் 14 மடங்கு. வேகமாகப் போகும்போது ஓர் எரிப்பு தவறினால் அந்தப் பள்ளத்தைச் சேமிப்பிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம். ஐட்லிங்கில் சேமிப்பே கிடையாது. கிணற்று மேட்டில் ஒரு காலத்தில் ஓடிய லிஸ்டர் வகை ஆயில் எஞ்சின்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒற்றைச் சிலிண்டர், நிமிடத்துக்கு 650 சுற்று, அதில் பாதி எரிப்பு. அவ்வளவு இடைவெளி விட்டு எரிந்தும் அது நிற்காமல் ஓடியதற்குக் காரணம் இரண்டு பக்கமும் மாட்டியிருந்த கனத்த சக்கரங்கள். காரில் அத்தனை கனம் வைத்தால் ஆக்சிலரேட்டரை மிதித்தபின் வண்டி யோசித்துத்தான் கிளம்பும்.

இப்போது நடுக்கத்துக்கு வருவோம். நடுங்குகிறது என்றதும் பட்டறையில் பிளக், காயில், ஏர் ஃபில்டர் என்று வரிசையாக மாற்றத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. சில சமயம் மூன்றாவதோ நான்காவதோ சரியாகப் பட்டுவிடும். பில் மட்டும் எல்லாவற்றுக்கும் சேர்த்து வரும். அதிர்வைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது, அது வினாடிக்கு எத்தனை முறை வருகிறது என்பது. இந்த ஒரு எண் தெரிந்தால் பாதிப் பாகங்களைத் தொடவே வேண்டாம்.

800 சுற்று என்பது வினாடிக்கு 13.3 சுற்று. நல்ல நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு எரிப்பு தருவதால் அதன் இயல்பான துடிப்பு 26.7 ஹெர்ட்ஸ். இது நேர்த்தியான, மெல்லிய ரீங்காரம். எந்த எஞ்சினிலும் இருந்தே தீரும். கிராங்க் தண்டோடு சுற்றும் ஏதாவது ஒன்று, சமநிலை தவறிய புல்லியோ ஃபிளைவீலோ கிளட்ச்சோ, குறையுடையதாக இருந்தால் அது சுற்றுக்கு ஒருமுறை உதறும்: 13.3 ஹெர்ட்ஸ். ஒரேயொரு சிலிண்டர் மட்டும் சரியாக எரியவில்லை என்றால் அந்தக் குறை இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் திரும்பி வரும்: 6.7 ஹெர்ட்ஸ். எந்த ஒழுங்குமில்லாமல், ஒருமுறை இங்கே ஒருமுறை அங்கே என்று எஞ்சின் தடுமாறினால் குற்றவாளி ஒரு சிலிண்டர் இல்லை. எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான காற்றிலோ பெட்ரோலிலோ கோளாறு.

அந்த 6.7 என்ற எண்ணில் ஒரு துரதிர்ஷ்டம் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அதிர்வை எங்கே அதிகம் உணர்கிறது என்று ஐஎஸ்ஓ 2631 என்ற சர்வதேசத் தரநிலை வரையறுத்திருக்கிறது: 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை. வயிறும் தோளும் அந்த வேகத்தில்தான் தாமாகவே குலுங்க விரும்பும். ஒரு சிலிண்டர் படுத்துக்கொண்டால் வரும் உதறல் கச்சிதமாக அந்த இடத்தில் வந்து விழுகிறது. அதனால்தான் பின்சீட்டில் இருக்கும் பாட்டிக்குக்கூட எஞ்சின் 'மிஸ் அடிப்பது' தெரிந்துவிடுகிறது, செக் லைட் எரிவதற்கு முன்பே.

மூன்று சிலிண்டர் வண்டிக்காரர்கள் இங்கே ஒரு திருத்தம் செய்துகொள்ள வேண்டும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 முதல் இன்று விற்கும் சிறிய கார்களில் பல வரை மூன்று சிலிண்டர்தான். அதே 800 சுற்றில் அதன் இயல்பான துடிப்பு 20 ஹெர்ட்ஸ். போதாக்குறைக்கு, மூன்று பிஸ்டன்களும் மேலே கீழே போகும்போது விசைகள் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டாலும், எஞ்சினின் ஒரு முனை எழும்போது மறுமுனை தாழும் ஊசலாட்டம் மிஞ்சும். நான்கு சிலிண்டர் வண்டியிலிருந்து மாறி வந்தவர் முதல் நாளே பட்டறைக்கு ஓட வேண்டாம். அதே மாடலில் இன்னொரு வண்டியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

எண்ணை அளப்பது முன்பு ஆய்வகக் காரியம். இன்று பெரும்பாலான கைப்பேசிகளில் உள்ள முடுக்கமானி வினாடிக்கு நூறு முறையாவது அளக்கும்; அது 50 ஹெர்ட்ஸ் வரை காட்டப் போதும். அதிர்வை அலைவரிசையாகப் பிரித்துக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து, சீட்டின் இரும்புத் தண்டவாளத்தின்மேல் கைப்பேசியை வைத்து, டாஷ்போர்டில் ஆர்பிஎம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டால் ஆயிற்று. மெத்தைமேல் வைத்தால் மெத்தையின் ஆட்டத்தைத்தான் அளப்பீர்கள்.

வண்டியின் கணினியும், அதாவது ஈசியுவும், ஏறக்குறைய இதையே செய்கிறது, நம்மைவிட நுட்பமாக. கிராங்க் தண்டில் மாட்டிய பற்சக்கரத்தில் பெரும்பாலும் 60 பல்லுக்கான இடம், அதில் இரண்டு பல் வேண்டுமென்றே விடுபட்டிருக்கும். அந்த இடைவெளிதான் கணக்கின் தொடக்கம். 800 சுற்றில் ஒரு பல் கடக்க 1.25 மில்லிவினாடி ஆகும். ஒரு சிலிண்டர் எரிந்ததும் பற்கள் சற்று விரைகின்றன, எரியாவிட்டால் தளர்கின்றன. எரியும் வரிசை 1-3-4-2 என்பது ஈசியுவுக்குத் தெரியும் என்பதால், தளர்ந்தது எந்தச் சிலிண்டரின் முறை என்று எண்ணிச் சொல்லிவிடுகிறது. ஸ்கேனரில் பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர். பி0300 என்று வந்தால் குறிப்பிட்ட ஒன்றில்லாத தடுமாற்றம். இது தபால் உறையின் மேல் இருக்கும் முகவரி மாதிரி. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பி0302 வந்ததும் 'இரண்டாவது காயில் போச்சு' என்று சொல்பவர் உறையைப் படித்துவிட்டுக் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறார்.

ஒரு சிலிண்டர்தான் என்று தெரிந்தபின் வேலை எளிது, செலவும் கிடையாது. இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இங்கே மாட்ட வேண்டும். குறை பி0303க்கு இடம் பெயர்ந்தால் காயில்தான். அங்கேயே நின்றால் பிளக்குகளை மாற்றிப் பார்க்கலாம், பிறகு இன்ஜெக்டர். எதை மாற்றினாலும் குறை அசையவில்லையென்றால் சிலிண்டரின் உள்ளேயேதான் கோளாறு. பழைய மெக்கானிக்குகள் ஓடும் எஞ்சினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். எதைப் பிடுங்கினால் எஞ்சின் கண்டுகொள்ளவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். யோசனை இன்றும் செல்லுபடியாகும், ஆனால் இப்போது பிடுங்க வேண்டியது இன்ஜெக்டரின் கனெக்டரை. தீப்பொறியை நிறுத்தினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். உள்ளே இருக்கும் பீங்கான் கூடு உருகிப்போகும் அளவுக்குச் சூடேறும். செக் லைட் நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் அதற்குப் பொருள் இதுதான்: கன்வெர்ட்டர் ஆபத்தில் இருக்கிறது, ஓட்டாதே.

தீப்பொறிக் கோளாறு ஐட்லிங்கைவிடச் சுமையில்தான் நன்றாகத் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1889இல் ஃபிரீட்ரிக் பாஷன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர், ஓர் இடைவெளியைப் பொறி தாண்டத் தேவையான மின்னழுத்தம் அங்குள்ள வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியின் அகலத்தையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது என்று கண்டார். ஐட்லிங்கில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. நலிந்த காயில்கூட ஒப்பேற்றிவிடும். மேட்டில் மூன்றாவது கியரில் அழுத்தி மிதிக்கும்போது அழுத்தம் பலமடங்காகிறது. தேய்ந்து அகன்ற பிளக்கும் நலிந்த காயிலும் அங்கே கைவிரிக்கும். ஆகவே, நிற்கும்போது நடுங்கி ஓடும்போது சரியாகிற வண்டிக்குப் பிளக்கை முதல் சந்தேகமாக வைப்பது தலைகீழ். அங்கே சந்தேகப்பட வேண்டியது காற்றை.

இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த குற்றவாளி வேக்கம் கசிவுதான். ஒரு ரப்பர் ஹோஸில் விரிசல், அவ்வளவே. ஆனால் அதன் நடத்தை அழகான கணக்கு. நம் எஞ்சின் ஐட்லிங்கில் வினாடிக்கு 2 கிராம் காற்றை இழுக்கிறது. காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டிய பிறகு எங்கோ ஒரு விரிசல் வழியாக 0.4 கிராம் கூடுதலாக நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈசியுவுக்கு இது தெரியாது; 2 கிராமுக்குத்தான் பெட்ரோல் ஊற்றும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற சரியான விகிதம் 17.6 ஆகிவிடுகிறது. சாதாரண பெட்ரோல் எஞ்சின் ஒழுங்காக எரிய மறுக்கும் எல்லை அது, அதிலும் கலவையில் ஏற்கெனவே புகை வேறு. அந்த 0.4 கிராமுக்கு எவ்வளவு பெரிய ஓட்டை வேண்டும்? ஒன்றரை மில்லிமீட்டர் விட்டம் சொச்சம். மேனிஃபோல்டின் அழுத்தம் வெளிக்காற்றில் பாதிக்கும் கீழே இருப்பதால் அந்த ஓட்டையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடுகிறது. பானெட்டைத் திறந்தால் கேட்கும் 'ஸ்ஸ்' சத்தம் அதுதான்.

ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 சுற்றுக்குக் கொண்டுபோனால் எஞ்சின் இழுக்கும் காற்று நாலைந்து மடங்காகிறது. ஓட்டை வழியே வருவது அதே 0.4 கிராம், அல்லது அதற்கும் குறைவு. முன்பு இருபது சதவீதமாக இருந்த பிழை இப்போது நாலைந்து சதவீதம். முழுதாக மிதித்தால் மேனிஃபோல்டில் குறையழுத்தமே இல்லை, கசிவும் இல்லை. நடுக்கம் அடங்கியது எஞ்சின் சரியாகிவிட்டதால் அல்ல, பங்கு குறைந்ததால். ஸ்கேனரில் 'ஃப்யூவல் டிரிம்' என்று ஓர் எண் வரும். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியு தன் கணக்கைவிட எத்தனை சதவீதம் கூடுதலாகவோ குறைவாகவோ பெட்ரோல் ஊற்றுகிறது என்பது அது. ஐட்லிங்கில் கூட்டல் 20க்கு அருகில் நின்று, 2,500 சுற்றில் கூட்டல் 4க்கு இறங்கினால் கசிவு. ஐட்லிங்கில் ஒழுங்காக இருந்து வேகத்தில் ஏறினால் பெட்ரோல் பம்ப்போ அடைத்த ஃபில்டரோ. எந்த நட்டையும் கழற்றாமல், நின்ற இடத்தில், இரண்டே அளவில் கிடைக்கும் பதில் இது. இதைப் பார்க்காமலே காயில் மாற்றுபவரிடம் வண்டியை விடாதீர்கள் என்பது என் கருத்து.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சார் கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து அதிலிருந்து காற்றைக் கணக்கிடுவார்கள். அங்கே கசிந்து வந்த காற்றும் அழுத்தத்தில் சேர்ந்துவிடுவதால் அதற்கும் பெட்ரோல் கிடைத்துவிடும். டிரிம் எண் சாதுவாக இருக்கும். ஆனால் ஐட்லிங் வேகம் ஏறப் பார்க்கும், ஈசியு திராட்டிலை இன்னும் மூடி அதை அடக்கப் பார்க்கும், இரண்டுக்கும் இடையே வண்டி ஏறி இறங்கி ஓடும்.

கசிவு எங்கே என்று தேடக் கணக்கு உதவாது, கண்ணும் காதும்தான். மேனிஃபோல்டுக்குள் மெல்லிய புகையைச் செலுத்தி அது எங்கே வெளிவருகிறது என்று பார்ப்பது நல்ல பட்டறைகள் செய்வது. சூடான எஞ்சினில் கார்ப் கிளீனரைத் தெளித்துப் பார்க்கும் பழைய பழக்கம் தீப்பிடிக்கக்கூடியது, விட்டுவிடலாம். பிரேக்கை மிதித்துப் பிடித்ததும் ஐட்லிங் மாறினால் பிரேக் பூஸ்டரையோ அதன் ஹோஸையோ பார்க்க வேண்டும். டேங்க் நிரப்பியவுடன் மட்டும் ஸ்டார்ட் ஆகத் திணறி நடுங்கினால், பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் நின்றுபோயிருக்கலாம். கிராங்க் அறையின் ஆவியை இழுக்கும் பிசிவி வால்வும் அதன் முழங்கை வடிவ ரப்பர் குழாயும் எஞ்சின் சூட்டிலேயே கிடந்து விறைத்துக் கிழியும்; கிழிசல் பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கை மட்டும் எட்டும் இடத்தில் இருந்து தொலைக்கும்.

திராட்டில் பாடியில் கரி படிவது இதற்கு நேரெதிர்: காற்று போதாமல் எஞ்சின் தணிந்து தணிந்து அணையப் பார்க்கும். சுத்தம் செய்தபின் ஈசியுவுக்குத் தகட்டின் புதிய நிலையைக் கற்றுக்கொடுக்காவிட்டால் சில நாள் ஐட்லிங் எகிறிக்கொண்டிருக்கும். 'கிளீன் பண்ணி கெடுத்துட்டாங்க' என்ற புகார் இங்கே பிறக்கிறது. புகையைத் திருப்பி உள்ளே விடும் ஈஜிஆர் வால்வு, ஐட்லிங்கில் மூடியிருக்க வேண்டியது, கரி மாட்டித் திறந்தே நின்றாலும் இதே நடுக்கம்தான். ஏற்கெனவே புகை கலந்த கலவையில் மேலும் புகை.

பிளக், காயில், இன்ஜெக்டர் எல்லாம் மாற்றிப் பார்த்தும் குறை அசையாத அந்த ஒற்றைச் சிலிண்டர் பாக்கி இருக்கிறது. அதில் கம்ப்ரஷன் இல்லை. அனுபவமுள்ளவர்கள் கேஜை எடுக்கும் முன்பே இதைக் காதால் பிடிப்பார்கள்: பெட்ரோலைத் துண்டித்து ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் நான்கு சிலிண்டரும் ஒரே சீராக மோட்டாரை இழுத்துப் பிடிக்க வேண்டும், ஒன்று மட்டும் எதிர்ப்பில்லாமல் வழுக்கிப்போனால் சுழற்சியில் ஒரு துள்ளல் கேட்கும். கேஜில் நல்ல பெட்ரோல் எஞ்சின் 10 முதல் 14 பார் வரை காட்டும். எண்ணைவிட நான்குக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பிறகு அந்தச் சிலிண்டருக்குள் காற்றை அழுத்திச் செலுத்தி அது எந்த வழியாகத் தப்பிக்கிறது என்று கேட்க வேண்டும். சைலன்சரில் சீறினால் வெளிவால்வு, திராட்டில் பக்கம் சீறினால் உள்வால்வு, ஆயில் ஊற்றும் மூடியில் வந்தால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

கடைசியாக, எஞ்சினில் எந்தக் குறையுமே இல்லாமல் வண்டி நடுங்குவது. ஸ்கேனர் சுத்தம், டிரிம் சுத்தம், கைப்பேசியில் 26.7 ஹெர்ட்ஸ் மட்டும் ஓங்கி நிற்கிறது. எஞ்சின் எப்போதும்போல் துடிக்கிறது. அந்தத் துடிப்பை நம்மிடம் வராமல் தடுத்துவந்த ரப்பர் மவுண்டிங் கைவிட்டுவிட்டது. 1931இல் கிரைஸ்லர் நிறுவனம் பிளிமத் காரில் 'ஃப்ளோட்டிங் பவர்' என்ற பெயரில் இந்த ரப்பர் தாங்கிகளைக் கொண்டுவந்தது. எஞ்சின் ஆட விரும்பும் அச்சு அதன் ஈர்ப்பு மையத்தின் வழியே போகும்படி தாங்கிகளை அமைத்து, அதை ஆடவிட்டு, ஆட்டத்தை வண்டிக்கு வராமல் பார்த்துக்கொண்டார்கள். உரிமம் வாங்கிய பிரான்சின் சிட்ரோயன், தன் சின்னத்தோடு ஒரு அன்னத்தையும் சேர்த்து முகப்பில் பொருத்திப் பெருமையடித்துக்கொண்டது.

ரப்பர்மேல் உட்கார்ந்த எஞ்சினுக்கு ஓர் இயல்பான ஆட்ட வேகம் உண்டு. வருகிற துடிப்பு அந்த வேகத்தைப்போல் 1.41 மடங்குக்கு மேலே இருந்தால்தான் ரப்பர் அதைத் தடுக்கும். கீழே இருந்தால் தடுக்காததோடு பெருக்கியும் விடும். சாவியைத் திருப்பி அணைக்கும்போது கடைசியாக வண்டி ஒரு உலுக்கு உலுக்குகிறதே, எஞ்சின் வேகம் அந்த இயல்பு வேகத்தைக் கடந்து இறங்குகிறது என்று பொருள். புதிதில் 12 ஹெர்ட்ஸ் இருந்த ஓர் எஞ்சினுக்கு எல்லை 17, 26.7 ஹெர்ட்ஸ் துடிப்பு வெகு தூரத்தில் பாதுகாப்பாக இருக்கிறது. வருடக்கணக்கான சூட்டில் ரப்பர் இறுகி அதன் விறைப்பு இரண்டேகால் மடங்கானால் இயல்பு வேகம் 18 ஆகும், எல்லை 25.5க்கு ஏறிவிடும். ஐட்லிங் அதன் விளிம்பிலேயே நிற்கிறது. ஏசி போட்டதும் நடுக்கம் கூடுவதும், ஐட்லிங்கை நூறு சுற்று கூட்டினால் மாயமாய் மறைவதும் இப்படி விளிம்பில் நிற்கும் வண்டிகளில்தான்.

சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு கியரை 'டி'க்கும் 'ஆரு'க்கும் மாற்ற, மற்றவர் ஓரமாக நின்று எஞ்சினைப் பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது. எஞ்சின் லேசாகச் சாய்ந்து திரும்பினால் சரி. ஒரு பக்கம் எழும்பி 'டொக்' என்று அடித்தால் அந்தப் பக்கத்து மவுண்டிங் கிழிந்திருக்கிறது. உள்ளே திரவம் நிரப்பிய வகையென்றால் அடியில் கறுத்த ஈரம் வடிந்திருக்கும். மாற்றும்போது கடைக்காரர் பாலியூரித்தேனில் செய்த கெட்டியான மவுண்டிங்கை எடுத்துக்காட்டி இது ஆயுசுக்கும் கிழியாது என்பார். கிழியாதுதான். ஆனால் விறைப்பு கூடினால் என்னவாகும் என்று மேலே போட்ட கணக்கு அதற்கும் பொருந்தும்: புது மவுண்டிங் போட்ட அன்றே, பழையது கிழிந்து தொங்கியபோது இருந்ததைவிட அதிகமாக வண்டி நடுங்கலாம்.